காசு பாடிக்கா லென்ஸுக்கா? வெளிச்சம் எங்க தொலையுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க

கையில இருக்கிற காசு ஏதோ ஒண்ணுக்குத்தான் பத்தும், புது கேமரா பாடி (லென்ஸ் இல்லாம கேமரா மட்டும்) வாங்குறதா இல்ல நல்ல லென்ஸ் வாங்குறதான்னு யார்கிட்ட கேட்டாலும் முக்கால்வாசி பேர் யோசிக்காம "லென்ஸ்ல போடுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. பல நேரம் அது சரியான பதில்தான். ஆனா ஏன் சரின்னு தெரியாம அத அப்படியே பிடிச்சுக்கிட்டா, பாடில போட வேண்டிய காசும் லென்ஸ்ல போயிடும். வெளிச்சம் எந்த வழியா உள்ள வந்து படமா மாறுது, வழியில எங்க எவ்ளோ தொலையுதுன்னு புரிஞ்சுட்டா, நீங்க ஏற்கனவே எடுத்து வச்சிருக்கிற படங்கள பாத்தே இதுக்குப் பதில் கண்டுபிடிச்சுடலாம்.

முதல்ல வெளிச்சம் நுழையுற வாசல் எவ்ளோ பெருசுன்னு பாப்போம். லென்ஸ் மேல எஃப் 1.8, எஃப் 5.6ன்னு போட்டிருக்கே, ஃபோகல் லெங்த்த (50 எம்எம்னு போட்டிருக்கிற அளவு, அது கூடக் கூட தூரத்துல இருக்கிறது கிட்டத் தெரியும்) அந்த நம்பரால வகுத்தா, முன்னாடி இருந்து பாக்குறப்ப தெரியுற அபர்ச்சர் துளையோட விட்டம் வந்துடும், அவ்ளோதான் கணக்கு. கேமராவோட சேத்துக் குடுக்குற 18-55 கிட் லென்ஸ 50 எம்எம் வரைக்கும் ஜூம் பண்ணா பெரும்பாலும் எஃப் 5.6 பக்கம்தான் கிடைக்கும், அப்ப துளை சுமார் 9 எம்எம். அதே 50 எம்எம்ல எஃப் 1.8 பிரைம் லென்ஸ் (ஜூம் ஆகாத லென்ஸ்) போட்டா சுமார் 28 எம்எம். விட்டம் மூணு மடங்குதான் கூடியிருக்கு, ஆனா உள்ள வர்ற வெளிச்சம் பரப்பளவ பொறுத்தது, அதனால கிட்டத்தட்ட பத்து மடங்கு. ராத்திரி வீட்டுக்குள்ள கைய ஆட்டி ஆட்டிப் பேசுற ஒரு குழந்தைய எடுக்குறீங்க, கிட் லென்ஸ் 1/20 செகண்ட் ஷட்டர் திறந்திருக்கணும்னு கேக்குது, முகம் ஓரளவு நிக்கும், கை மொத்தமா இழுத்துடும். பிரைம் போட்டா அதே ஐஎஸ்ஓல (வந்த வெளிச்சத்த கேமரா எவ்ளோ தூக்கிக் காட்டணும்ங்கிற செட்டிங்) 1/200 கிடைக்குது, விரல எண்ணிடலாம்.

இதே பத்து மடங்க பாடிய மாத்தி வாங்க முடியுமான்னு இப்ப யோசிங்க. இந்தக் காலத்து சென்சார் (பாடிக்குள்ள படம் விழுற சிப்) தன் மேல விழுற ஃபோட்டான்ல, அதாவது வெளிச்சத் துகள்ல, பாதிக்கு மேலயே எலக்ட்ரானா மாத்திடுது, நூறு சதவீதத்துக்கு மேல யாராலயும் போக முடியாது, அதனால அந்தப் பக்கம் இன்னும் பிடுங்குறதுக்கு மிச்சம் இருக்கிறது ரெண்டு மடங்கு கூட இல்ல. சென்சாருக்கு முன்னாடியே கலர் ஃபில்டர்ல ஒரு பெரிய பங்கு போயிடுது, ஏன்னா ஒவ்வொரு பிக்சல் மேலயும் சிவப்பு, பச்சை, நீலம்னு ஏதாவது ஒரு ஃபில்டர்தான் இருக்கும், மத்த நிறத்த அது தடுத்துடும். கோடக்ல வேலை பாத்த பிரைஸ் பேயருக்கு 1976ல பேட்டன்ட் கிடைச்ச அமைப்பு இது, இன்னைக்கும் விக்கிற கேமரால பெரும்பாலானது இதத்தான் வச்சிருக்கு, அதனால புது பாடி வாங்கினாலும் அந்த நஷ்டம் கூடவேதான் வரும்.

சரி, சென்சாரே பெருசா இருக்கிற பாடிக்குப் போனா? ஃபுல் ஃபிரேம்ங்கிற பெரிய சென்சார் 36க்கு 24 எம்எம், ஏபிஎஸ்-சிங்கிற சின்ன சென்சார் சுமார் 23.5க்கு 15.6. பரப்பளவ கணக்கு போட்டா 2.4 மடங்கு கூட, ஒரு ஸ்டாப்ப (வெளிச்சம் ரெண்டு மடங்கு ஆகுறது) விட கொஞ்சம் அதிகம். நல்ல லாபம்தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா அந்த லாபம் வரணும்னா பெரிய சென்சாருக்கு முன்னாடியும் அதே எஃப் நம்பர் உள்ள லென்ஸ் இருக்கணும், அந்தப் பெரிய வட்டத்துக்கு வெளிச்சம் குடுக்குற லென்ஸ் பெருசாவும் விலை கூடவும் இருக்கும். பாடி மாத்தினவங்க நிறைய பேர் பின்னாடியே லென்ஸும் வாங்க வேண்டி வர்றது இதனாலதான்.

இருட்டுல எடுத்த படத்துல புள்ளி புள்ளியா வர்ற நாய்ஸுக்கு சென்சார்தான் காரணம்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா அதுல பெரும் பங்கு வெளிச்சத்துலயே இருக்கு. ஃபோட்டான் ஒழுங்கா வரிசை கட்டி வராது. காஞ்ச சிமெண்ட் தரை மேல மழை தூற ஆரம்பிக்கிறப்ப பாருங்க, ஒரு சதுரத்துல நாலு துளி இருக்கும் பக்கத்துல ஒண்ணு கூட இருக்காது, கொஞ்ச நேரம் நல்லா பெஞ்சதும் எல்லா இடமும் ஒரே மாதிரி ஆயிடும். பிக்சலுக்கும் இதேதான். சராசரியா 100 ஃபோட்டான் விழுற இடத்துல ஏற்ற இறக்கம் சுமார் 10 இருக்கும், வர்க்கமூலக் கணக்கு, அதாவது 10 சதவீதம். 1000 விழுந்தா ஏற்ற இறக்கம் 32, அதாவது 3 சதவீதம். வெளிச்சம் பத்து மடங்கு ஆனா நாய்ஸ் மூணுல ஒரு பங்கா குறையுது. ஐஎஸ்ஓவ ஏத்துறது ஒரு ஃபோட்டானக் கூட புதுசா கொண்டு வராது, வந்தத வெளிச்சமாக் காட்டுது அவ்ளோதான்.

லென்ஸா சென்சாராங்கிற இந்தப் போட்டி போட்டோகிராஃபி பிறந்தப்பவே ஆரம்பிச்சது. 1839ல டாகுவேர் தன்னோட முறைய வெளியிட்டப்ப கேமரால இருந்த லென்ஸ் எஃப் 15 பக்கம், ஒரு படத்துக்கு நிமிஷக் கணக்குல ஆகும், மனுஷ முகத்த எடுக்குறது பெரும்பாடு. மறு வருஷமே, 1840ல, வியன்னால கணக்குப் பேராசிரியரா இருந்த யோசஃப் பெட்ஸ்வால் கணக்கு போட்டே எஃப் 3.6 லென்ஸ் ஒண்ண வடிவமைச்சார், ஃபோக்ட்லேண்டர் அத செஞ்சு குடுத்தாரு. வகுத்துப் பாருங்க, 15 மடங்குக்கு மேல வெளிச்சம். அதே சமயத்துல படம் பதியுற தகட்டுக்கு புரோமின் ஆவி காட்டி அதோட உணர்திறன ஏத்துறதும் நடந்துச்சு, இன்னைக்குக் கணக்குல அது சென்சார் பக்கம். ரெண்டும் சேந்தப்புறம்தான் போர்ட்ரெயிட் ஸ்டூடியோங்க தொழிலாவே வளந்துச்சு.

அடுத்தது ஷார்ப்னஸ். "இந்த லென்ஸ் உங்க சென்சாருக்கு ஈடு குடுக்காது, மெகாபிக்சல் வீண்"ன்னு ஒரு பேச்சு அடிக்கடி கேப்பீங்க. அது பாதிதான் உண்மை. லென்ஸும் சென்சாரும் தனித்தனியா நுணுக்கமான கோடுகளோட கான்ட்ராஸ்ட்ட குறைக்குது, கடைசில படத்துல கிடைக்கிறது ரெண்டையும் பெருக்கி வர்ற தொகை. குறிப்பிட்ட மெல்லிசான கோடுகள்ல லென்ஸ் 50 சதவீதம் கான்ட்ராஸ்ட்ட தாண்ட விடுது, சென்சார் 60 சதவீதம் விடுதுன்னு வச்சுக்கோங்க, கையில வர்றது 30. லென்ஸ 70க்கு ஏத்தினா 42, சென்சார 70க்கு ஏத்தினா 35. எத மாத்தினாலும் கொஞ்சம் முன்னேற்றம் வரும், எது ரொம்ப பின்தங்கி இருக்கோ அத மாத்தினா அதிகமா வரும். பழைய லென்ஸ் மேல புது மெகாபிக்சல் சுத்தமா வீண்னு சொல்றது தப்பு.

இன்னொரு விஷயம், அபர்ச்சர மூட மூட நல்ல லென்ஸுக்கும் சாதா லென்ஸுக்கும் இருக்கிற தூரம் குறைஞ்சுக்கிட்டே வரும். வெளிச்சம் சின்ன துளை வழியா போறப்ப விரிஞ்சு பரவும், ஒரு புள்ளி சென்சார் மேல புள்ளியா விழாம குட்டி வட்டமா விழும். பச்சை வெளிச்சத்துக்கு அந்த வட்டத்தோட விட்டம் எஃப் 8ல சுமார் 11 மைக்ரான், எஃப் 16ல 21 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார்ல ஒரு பிக்சல் 4 மைக்ரான் கூட இல்ல. எஃப் 16ல எடுத்தா எவ்ளோ விலை குடுத்து வாங்கின கண்ணாடியா இருந்தாலும் இயற்பியல் அந்த வட்டத்துக்குக் கீழ விடாது. ஸ்டாண்ட் போட்டு எஃப் 11ல மலையும் வயலும் எடுக்குறவங்க ஷார்ப்னஸுக்காக மட்டும் விலை உசந்த லென்ஸ் வாங்கப் போறாங்கன்னா, எஃப் 8ல கிட் லென்ஸ் எடுத்த படத்த ஒரு தடவ நல்லா பெருசு பண்ணிப் பாத்துட்டுப் போகட்டும்.

லென்ஸால மட்டும் ஆகுற காரியம்னு சிலது இருக்கு. தூரத்துல ஒரு பறவை. 300 எம்எம்ல எடுத்து பறவைய மட்டும் வெட்டி எடுக்குறதுக்கும் 600 எம்எம்ல எடுக்குறதுக்கும் பறவை மேல விழுற பிக்சல் எண்ணிக்கைல நாலு மடங்கு வித்தியாசம். அத பாடியால சரிக்கட்டணும்னா 24 மெகாபிக்சல் பத்தாது, 96 வேணும், அப்பவும் வெளிச்சம் அதிகமாகாது. 600 எம்எம் எஃப் 4 லென்ஸ் ஏன் அந்த விலை விக்குதுன்னா, வகுத்துப் பாருங்க, 150 எம்எம், அரை அடி அகலத்துல கண்ணாடிய குறையில்லாம தேச்சாகணும். மேக்ரோவும், அதாவது குட்டிப் பொருள ரொம்ப கிட்டப் போய் எடுக்குறதும், அப்படித்தான். 1:1 லென்ஸ்னா ஒரு சென்டிமீட்டர் பூச்சி சென்சார் மேலயும் ஒரு சென்டிமீட்டராவே விழும், அந்த அளவு கிட்டப் போய் ஃபோகஸ் பண்ற வசதி எந்த பாடிலயும் வராது.

இப்ப பாடி பக்கம். ஓடுறது, பறக்குறது, விளையாட்டு எடுக்குறவங்களுக்கு பாடிதான் பெரிய விஷயம், இங்க லென்ஸ் மந்திரம் பலிக்காது. பழைய டிஎஸ்எல்ஆர்ல (உள்ள மிரர் வச்ச கேமரா) ஃபோகஸ் பாக்குறதுக்குன்னு அந்த மிரருக்குக் கீழ தனியா ஒரு சென்சார் இருக்கும், அதுக்கும் படம் எடுக்குற சென்சாருக்கும் நடுவுல கொஞ்சம் அளவு மாறினாலும் ஃபோகஸ் முன்னாடியோ பின்னாடியோ விழுந்துடும். கிட் லென்ஸ்ல இது வெளிய தெரியாது. ஏபிஎஸ்-சில 50 எம்எம் எஃப் 1.8 போட்டு ஒரு மீட்டர் தூரத்துல முகம் எடுக்குறப்ப ஷார்ப்பா தெரியுற ஆழம் சுமார் 3 சென்டிமீட்டர்தான், மூக்கு நுனில ஃபோகஸ் விழுந்தா கண்ணு போச்சு. அதாவது பெரிய அபர்ச்சர் லென்ஸ் வாங்கினதும் பாடியோட பலவீனம் வெளிய வந்துடுது. மிரர் இல்லாத மிரர்லெஸ் கேமரால படம் விழுற சென்சார்லயே ஃபோகஸ் பாக்குறதால இந்த அளவுப் பிழை கிட்டத்தட்ட ஒழிஞ்சு போச்சு, கூடவே கண்ண அடையாளம் கண்டு விடாம தொடர்றதும் வந்துடுச்சு. பதினஞ்சு படம் எடுத்தா நாலுதான் ஃபோகஸ்ல இருக்குங்கிற நிலைமைல இருக்கிறவங்க லென்ஸ் மேல லென்ஸா வாங்கிக் குவிக்கிறத பாத்தா எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும்.

வீடியோவுலயும் அப்படித்தான். சென்சார் மேல இருந்து கீழ வரைக்கும் வரி வரியா படிக்கும், அது மெதுவா நடந்தா சுத்துற ஃபேன் இறக்கை வளைஞ்சு தெரியும், கேமராவ சட்டுனு திருப்பினா தூண் எல்லாம் சாயும். எந்த லென்ஸாலயும் இத நிமித்த முடியாது. நிழலும் வெயிலும் ஒரே ஃபிரேம்ல பிடிக்கிற டைனமிக் ரேஞ்சும் பெரும்பாலும் சென்சார் வேலைதான்.

ஆக உங்க படங்கள்கிட்டயே கேளுங்க. சரியா வரலன்னு ஒதுக்கின படங்கள கம்ப்யூட்டர்ல நூறு சதவீதத்துக்குப் பெருசு பண்ணிப் பாருங்க. மொத்த படமும் ஒரே திசைல இழுத்திருந்தா கை ஆடியிருக்கு, அதுக்கு ஸ்டெபிலைசேஷனோ (கை ஆட்டத்த ஈடு கட்டுற வசதி) ஸ்டாண்டோ போதும். பின்னாடி சுவர் தெளிவா இருந்து ஆளு மட்டும் இழுத்திருந்தா ஷட்டர் மெதுவா போயிருக்கு, வெளிச்சம் பத்தல, பெரிய அபர்ச்சர் லென்ஸ் தேவை. ஆளுக்கு முன்னாடியோ பின்னாடியோ வேற ஏதாவது ஷார்ப்பா இருந்தா ஃபோகஸ் தவறியிருக்கு, பாடிய சந்தேகப்படலாம், நீங்க ஃபோகஸ் பாயின்ட் வச்ச இடத்தையும் சேத்துத்தான். நடுவுல நல்லா இருந்து மூலை மட்டும் குழைஞ்சிருந்தா, இல்ல மரக்கிளை ஓரத்துல ஊதா கோடு ஓடுச்சுன்னா, அது லென்ஸ். ஃபைலுக்குள்ள பதிஞ்சிருக்கிற ஃபோகல் லெங்த்தையும் பாருங்க, பாதிக்கு மேல 55லயே நின்னு அதுக்கப்புறம் கிராப்பும் பண்ணியிருந்தீங்கன்னா உங்களுக்கு தூரத்த கிட்ட இழுக்குற டெலி லென்ஸ் வேணும், 18லயே முட்டிக்கிட்டு நிக்குதுன்னா அகலமாப் பிடிக்கிற வைடு லென்ஸ்.

மவுன்ட்டையும் (பாடில லென்ஸ் மாட்டுற இடம்) கவனிக்கணும். நிக்கான் எஃப் மவுன்ட் 1959ல வந்தது, கேனான் இஎஃப் 1987ல, அந்த லென்ஸ்ல நிறைய இன்னைக்கும் வேலை செய்யுது, அதே காலத்துல பாடி எத்தனையோ தலைமுறை மாறிடுச்சு. பழைய மவுன்ட்ல லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவுல மிரருக்கு இடம் விட வேண்டியிருந்ததால தூரம் அதிகம், நிக்கான் எஃப்ல 46.5 எம்எம், இஎஃப்ல 44. மிரர்லெஸ்ல நிக்கான் இசட் 16, கேனான் ஆர்எஃப் 20. மிச்ச இடத்துல அடாப்டர் உக்காந்துக்கும், அதனால பழைய லென்ஸ் புது பாடில ஏறும், ஆட்டோஃபோகஸ் மட்டும் எந்த லென்ஸ் எந்த அடாப்டர்னு பாத்துக்கணும். திருப்பிப் போட்டா நடக்காது, புது மிரர்லெஸ் லென்ஸ் பழைய டிஎஸ்எல்ஆர்ல ஏறாது. இன்னும் டிஎஸ்எல்ஆர் வச்சிருந்து சீக்கிரம் மாறப் போறீங்கன்னா, இப்ப விலை உசந்த லென்ஸ் எடுக்குறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் போறோம்னு முடிவு பண்ணிடுங்க.

இவ்ளோத்துக்கு அப்புறமும் சந்தேகம் இருந்தா நண்பர்கிட்டயோ வாடகைக்கோ ஒரு நாளுக்கு வாங்கி, நீங்க எப்பவும் எடுக்குற இடத்துல, எப்பவும் எடுக்குற நேரத்துல, உங்க பாடில அந்த நல்ல லென்ஸ் போட்டு ஒரு வரிசை, அந்த நல்ல பாடில உங்க லென்ஸ் போட்டு ஒரு வரிசை எடுங்க, மவுன்ட் ஒத்து வரணும் அவ்ளோதான். செட்டிங் எல்லாம் ஆட்டோல விட்டுடாதீங்க, விட்டா ரெண்டு பாடியும் வேற வேற ஷட்டர், ஐஎஸ்ஓ எடுத்துக்கும், அப்புறம் எதனால வித்தியாசம் வந்துச்சுன்னே தெரியாது. லென்ஸ் வரிசைக்கு அபர்ச்சர முழுசா திறந்து ஒரு தடவ, எஃப் 8ல ஒரு தடவ. பாடி வரிசைக்கு ஆளை நடக்கச் சொல்லி தொடர்ச்சியா எடுத்து, அதுல எத்தனை படத்துல கண்ணு ஷார்ப்பா இருக்குன்னு எண்ணுங்க.