வேப்: ஆவி என்றால் சரியா?

சளி பிடித்தால் நொச்சி இலையைக் கொதிக்கவிட்டுப் போர்வைக்குள் ஆவி பிடிப்பது திருநெல்வேலிப் பக்கம் வீட்டு வைத்தியம். பேட்டரியால் திரவத்தைச் சூடாக்கி இழுக்கும் இ-சிகரெட்டை ஆங்கிலத்தில் 'வேப்' என்கிறார்கள். அதை 'ஆவி' என்று தமிழாக்குவது அதனால்தான் ஆபத்து. மருந்தின் பெயர் நஞ்சுக்குப் போய்விடுகிறது.

சொல்லின் வேர் லத்தீன். 'வேப்பர்' என்றால் நீராவி. அதன் வாலை வெட்டி ஆங்கிலம் 'வேப்' என்ற வினையை ஆக்கிக்கொண்டது. 2014இல் ஆக்ஸ்போர்டு அகராதி அதை ஆண்டின் சொல்லாக எடுத்தது.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் அந்த ஆங்கிலப் பெயரே பாதிதான் உண்மை. வாயால் இழுத்ததும் காற்றழுத்த உணரி பேட்டரியை முடுக்கும். பஞ்சுத்திரியில் ஊறிய திரவத்தைக் கம்பிச்சுருள் சூடாக்கும். எழும் ஆவி குழலுக்குள்ளேயே குளிர்ந்து நுண்துளிகளாகிவிடும். நெஞ்சுக்குள் போவது குற்றாலச் சாரல் மாதிரியான துளிக்கூட்டம், அறிவியலில் ஏரோசால். துளிகளில் இருப்பது புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிகோடின், வாசனைப்பொருள், சில வேளை கம்பியிலிருந்து கழன்ற உலோகம். திரவம் தீர்ந்து பஞ்சு காய்ந்தபின் இழுத்தால் பஞ்சே கருகும், அந்தக் காந்தலும் நெஞ்சுக்குத்தான்.

'மின்னணு வெண்சுருட்டு' என்றும் எழுதுகிறார்கள். சுருட்டு நம் சொல். ஆங்கிலத்தின் 'செரூட்' இதிலிருந்து போனதுதான். ஆனால் சுருட்டுவது என்றால் என்னவென்று முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பீடி சுற்றும் பெண்களைக் கேட்க வேண்டும். இலையை நனைத்து, அளவுத் தகரம் வைத்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்ட வேண்டும். வேப்பில் இலையும் இல்லை, சுருட்டலும் இல்லை.

'மின்னிழுப்பி' பொருந்தும் என்பது எங்கள் கருத்து. மின்சாரத்தால் இயங்குவது, இழுக்கப்படுவது. மூச்சு வாங்கித் திணறுவதையும் நம்மூரில் 'இழுப்பு' என்கிறோமே, அந்த நினைவும் கூடவே வரட்டும்.

'டிஸ்போசபிள்' என்பதற்கு 'ஒருமுறை' என்று போட்டால் தப்பு. ஒரு இழுப்போடு முடிவதில்லை, நூற்றுக்கணக்கில் வரும். திரவம் தீர்ந்தால் நிரப்ப முடியாது என்பதே பொருள். கடைத்தெருவில் சொல்லும் 'யூஸ் அண்ட் த்ரோ' தெளிவாக இருக்கிறது. எறிந்தபின் லித்தியம் பேட்டரி குப்பைவண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கலாம்.

'ஃபிளேவர்' வெறும் சுவை அன்று, மூக்கும் சேர்ந்து அறிவது. 'சுவைமணம்' எனலாம். மாம்பழமும் புதினாவும் நிகோடினின் காரத்தை மறைக்கின்றன. நிகோடினை அமிலம் சேர்த்து உப்பாக்குவதும் தொண்டை எரியாமல் இருக்கத்தான். பிரிட்டனில் ஒரு வேப்பின் கலத்தில் 2 மி.லி. திரவம், மில்லிக்கு 20 மி.கி. நிகோடின் என்பது உச்சவரம்பு. அந்த வரம்புக்குள் நின்றாலே 40 மி.கி. நிகோடின்.

செய்திகளில் அதிகம் குழம்புவது 'கட்டுப்பாடு', 'தடை' இரண்டும்தான். அமெரிக்கா 2020இல் கேட்ரிட்ஜ் வகையில் (திரவக் குப்பியை மாற்றிப் போடுவது) பழ, புதினாச் சுவைமணங்களைத் தடுத்து, புகையிலையையும் மென்தாலையும் விட்டுவைத்தது. அது கட்டுப்பாடு. யூஸ் அண்ட் த்ரோ வகை அந்த வரம்புக்குள் வராததால் பிள்ளைகள் அதற்குத் தாவினார்கள். பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் யூஸ் அண்ட் த்ரோ வகையின் விற்பனையை மட்டும் தடுத்தது. சார்ஜ் ஏற்றி, திரவம் நிரப்பும் வகை அங்கே இன்னும் கடையில் கிடைக்கிறது.

இந்தியாவில் அப்படி இல்லை, இங்கே இருப்பது தடை. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல்முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்திருந்தாலே 6 மாதம் வரை சிறை அல்லது 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். சோதனையிட உதவி ஆய்வாளர் நிலையிலுள்ள காவலருக்கே அதிகாரம் உண்டு என்பதால் பள்ளி, கல்லூரி அருகே விற்பதைக் கண்டால் உள்ளூர்க் காவல் நிலையத்திலேயே சொல்லலாம். "நிகோடின் இல்லை, வெறும் ஃபிளேவர்தான்" என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சுவைமணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடங்கும் என்று சட்டத்தின் வரையறையிலேயே எழுதியிருக்கிறது.