கருப்பு பியரில் கருப்பு எவ்வளவு?

ஐரிஷ் ஸ்டவுட் என்ற கருப்பு பியரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அடி விளிம்பில் லேசான மாணிக்கச் சிவப்பு, மற்றபடி கும்மிருட்டு. கருகிய தானியத்தை மட்டுமே போட்டுக் காய்ச்சியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். ஆனால் 20 லிட்டர் ஸ்டவுட்டுக்குப் போகும் சுமார் 4 கிலோ தானியத்தில், 2.8 கிலோ வைக்கோல் நிற வெளிர் மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லி. 800 கிராம் பார்லி அவல், நுரை திரண்டு நிற்க. கருக வறுத்த பார்லி வெறும் 400 கிராம்.

சரி, நாலு கிலோவும் கருப்பையே போட்டால்? கசப்புக் கஷாயம்தான் கிடைக்கும், பியர் வராது.

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, முளை நீளுமுன் சூட்டில் உலர்த்தினால் அது மால்ட். கேழ்வரகை முளைகட்டி ராகி மால்ட் செய்கிறோமே, அதே வேலைதான். முளைக்கும் தானியம் தன் மாவுச்சத்தைக் கரைக்க நொதிகளைச் சுரக்கும். பின்னால் 65 டிகிரி வெந்நீரில் ஊறும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதும் இவையே. அந்தச் சர்க்கரையைத் தின்றுதான் ஈஸ்ட் சாராயத்தைத் தருகிறது. 80, 85 டிகிரியில் பதமாக உலர்த்திய மால்ட்டில் நொதி பிழைத்திருக்கும். 200 டிகிரிக்கு மேல் வறுத்ததில் துளிகூட மிஞ்சாது. ஆக, வெளிர் மால்ட் உழைக்கிறது. மற்றதெல்லாம் அதன் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறது.

இடைப்பட்ட ரகங்களும் உண்டு. 100 டிகிரியை ஒட்டி உலர்த்தும் மியூனிக் மால்ட்டில் ரொட்டி மேலோட்டின் வாசம் வரும். தன் மாவுச்சத்தைத் தானே கரைத்துக்கொள்ளும் அளவுக்கு நொதியும் இருக்கும். கிரிஸ்டல் மால்ட் எனக்குப் பிடித்த தந்திரம். முளைகட்டிய பார்லியை ஈரத்தோடு புழுக்கினால் உமிக்குள்ளேயே மாவு சர்க்கரைப் பாகாகிவிடும். பிறகு வறுத்தால் கடிக்கும்போது மிட்டாய் போல நொறுங்கும். அந்த இனிப்பில் ஒரு பகுதியை ஈஸ்ட்டால் தின்ன முடியாது, பியரில் தங்கிவிடும். பிட்டர் என்ற ஆங்கிலேய பியரில் 5 முதல் 10 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் திகட்டும்.

இந்தக் கணக்கு லண்டன்காரர்களுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. அவர்களின் போர்ட்டர் என்ற கருநிற பியர் பழுப்பு மால்ட்டில் காய்ச்சியது. 1780களில் சர்க்கரை அடர்த்தியை அளக்கும் கருவி புழக்கத்துக்கு வந்ததும், அதே காசுக்கு வெளிர் மால்ட் கூடுதல் சர்க்கரை தருவது தெரிந்துபோனது. எல்லோரும் அதற்குத் தாவினார்கள். லாபம் வந்தது, நிறம் போனது. கருக்கிய சர்க்கரையைக் கலந்து ஒப்பேற்றலாம் என்றால் சட்டம் விடவில்லை. 1817ல் டேனியல் வீலர், காப்பிக்கொட்டை வறுப்பதுபோல் சுழலும் உருளையில் மால்ட்டைக் கருக வறுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு கைப்பிடி போட்டால் போதும், அண்டா முழுக்கக் கருத்துவிடும்.

அப்புறம் தண்ணீர். டப்ளின் நீரில் காரத்தன்மை அதிகம். வெளிர் மால்ட்டை மட்டும் அதில் ஊறவைத்தால் நொதிகள் மந்தமாகும், உமியின் துவர்ப்பும் இறங்கும். வறுத்த தானியத்தில் அமிலம் உண்டு. அது காரத்தைத் தணித்துவிடுகிறது. செக் நாட்டின் பில்சன் நகரில் இதற்கு நேர்மாறு. உப்புகள் மிகக் குறைந்த மென்னீர். 1842ல் யோசப் கிரோல் அங்கே வெளிர் மால்ட்டை மட்டும் வைத்தே தங்க நிற லாகர் பியரைக் காய்ச்சிவிட்டார்.