'லொஜிக் இல்லை' என்பதற்குத் தமிழில் என்ன: மலைவு

படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் எப்படி என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா லொஜிக் இல்லை" என்பார். நாவல் படித்தவரும் அதையேதான் சொல்வார். யாழ்ப்பாணத்தில் லொஜிக், தமிழ்நாட்டில் லாஜிக். ஒலிதான் வேறு, முறைப்பாடு ஒன்றுதான்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'லோகோஸ்' என்றால் சொல், பேச்சு, காரணம். அது இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய் நம்மிடம் வந்தது. இதற்குத் தருக்கம், அளவையியல் என்ற பெயர்கள் ஏற்கெனவே உண்டு. நம்முடைய உயர்தர வகுப்பில் 'அளவையியலும் விஞ்ஞானமுறையும்' என்றே ஒரு பாடம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடம் எடுத்த பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். "எல்லாப் பனையும் பறக்கும், எங்கள் வளவில் நிற்பது பனை, ஆகவே அது பறக்கும்" என்ற வாதத்தில் வடிவப் பிழை எதுவும் இல்லை என்று சொல்லும். முதல் கூற்று பொய்தான், அது உண்மையா என்று பார்ப்பது அளவையியலின் வேலை அல்ல. ஆக, பறக்கும் பனையைப் பார்த்து "லொஜிக் இல்லை" என்று நாம் கத்துவது சரியான இடத்தில் வைத்த சொல் அல்ல.

உண்மையில் அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு முறைப்பாடுகள் கிடக்கின்றன. கதை தான் சொன்னதையே மறுத்துச் சொல்வது ஒன்று. முதல் அத்தியாயத்தில் செத்தவர் ஏழாம் அத்தியாயத்தில் தேத்தண்ணி குடிப்பது அந்த வகை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ஒன்றான 'மாறுகொளக் கூறல்' இதற்குப் பொருந்தும். மற்றது, கதை வெளி உலகத்தோடு முட்டுவது. அதற்கான சொல்தான் மலைவு.

மலைதல் என்றால் பொருதல், எதிர்த்து நிற்றல். 'அமர் மலைதல்' என்று பழம்பாட்டுகளில் வரும். அணியிலக்கணக்காரர் போர்க்களத்துச் சொல்லைக் கவிதைக்குள் கொண்டுவந்து, பாட்டில் சொன்னது உலக வழக்கோடு மோதினால் மலைவு என்றார்கள். தண்டியலங்காரம் அதை ஆறாகப் பிரிக்கிறது: இடம், காலம், கலை, உலகம், நியாயம், ஆகமம். சுன்னாகம் குமாரசுவாமிப் புலவர் (1854–1922) இந்த நூலுக்கு உரை எழுதியவர் என்பதால், யாழ்ப்பாணத்துப் பழைய படிப்பாளிகளுக்கு இந்தச் சொல் புதிதல்ல.

தண்டியலங்காரத்தின் மூலமான வடமொழிக் காவியாதர்சத்தில் உலகமலைவுக்குக் காட்டும் உதாரணங்கள் இன்றும் சிரிப்பு மூட்டும். பிடரிமயிர் சிலிர்க்கும் யானை, கூர்ங்கொம்புக் குதிரை, வைரம் பாய்ந்த ஆமணக்கு. காலமலைவுக்கு இரவில் மலரும் தாமரை. இன்று நாம் விஞ்ஞானப் பிழை என்கிறவற்றில் பெரும்பகுதி இந்த உலகமலைவுக்குள் அடங்கிவிடும்.

சரி, நம்முடைய ஊருக்கு வருவோம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் விடுவார்கள். அதை வைத்து ஒருவர் கதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரியில் நூல் அறுகிறது. பட்டம் கடலுக்கு மேலால் போய்ப் போய்ப் புள்ளியாகி மறைகிறது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் தை மாதத்தில் வீசுவது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வருவது. வல்வெட்டித்துறைக்குக் கடல் இருப்பது வடக்கே. நூல் அறுந்த பட்டம் ஊருக்குள் வந்து யாரோ ஒருவரின் வளவுப் பனையில் சிக்குமே தவிர, கடலுக்குப் போகாது. அந்த மண்ணில் பட்டம் விட்டு வளர்ந்த வாசகருக்கு அந்த வரியோடு கதை முடிந்துவிடும். ரொறன்ரோவில் பிறந்த அவருடைய பேத்தி அதே வரியில் கண்கலங்கக்கூடும். பிழை ஒன்றுதான், கெட்டது ஒருவருடைய வாசிப்பு மட்டும்.

கிரகணமும் அப்படித்தான். 2010 ஜனவரி 15இலும் 2019 டிசம்பர் 26இலும் யாழ்ப்பாணத்துக்கு மேலால் வலயச் சூரிய கிரகணம் போனது. வலயக் கிரகணத்தில் சூரியனின் விளிம்பு வளையமாக எரிந்துகொண்டே இருக்கும்; வெளிச்சம் மங்கும், இருட்டாது. அந்த நாளை வைத்துக் கதை எழுதுகிறவர் "பட்டப்பகலில் வானம் நிறைய நட்சத்திரம்" என்று எழுதினால், முற்றத்தில் நின்று பார்த்த ஆயிரக்கணக்கான ஆட்கள் சாட்சிக்கு இருக்கிறார்கள்.

அப்படியானால் மலைவு வந்த கதையெல்லாம் கெட்ட கதையா? வில்லியம் கோல்டிங்கின் 1954ஆம் ஆண்டு நாவல் பலருக்குத் தெரியும், தீவில் ஒதுங்கிய பையன்களின் கதை. ஒரு பையனின் மூக்குக்கண்ணாடியால் வெயிலைக் குவித்து நெருப்பு மூட்டுவார்கள். அவனுக்கோ தூரத்துப் பொருள் தெரியாத கண். அந்தக் கண்ணுக்குக் கொடுப்பது குழிவுவில்லை. அது ஒளியை விரிக்கும், குவிக்காது. நெருப்புக்கு வழியே இல்லை. பௌதிகம் படித்த பிள்ளை இதைப் பிடித்துவிடும், நாவலையும் விடாமல் படித்து முடிக்கும். அங்கே வாசகரின் மனம் வில்லையில் இல்லை, அந்தக் கண்ணாடி யார் கைக்குப் போகப் போகிறது என்பதில் இருக்கிறது. என்றாலும் பையனின் கண்குறையை மாற்றி எழுதியிருந்தால் ஒரு வில்லங்கமும் இருந்திராது என்ற சின்ன எரிச்சல் எனக்கு உண்டு.

காவியாதர்சத்தை எழுதிய தண்டி இந்தக் கேள்வியையும் விட்டுவைக்கவில்லை. குற்றங்களை அடுக்கி முடித்ததும், கவியின் திறத்தால் இவை சில வேளை குற்றக் கணக்கைத் தாண்டிக் குணத்தின் பக்கம் போய்விடும் என்கிறார். இதற்கு நம்மிடமே நல்ல சான்று இருக்கிறது. சம்பந்தர் திருவோத்தூரில் பாடி ஆண்பனையைக் குலை ஈனச் செய்தார் என்பது சைவர் அறிந்த செய்தி. ஆண்பனையில் நுங்கு வராது என்பது பனைக்கு நடுவே வளர்ந்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அது தெரிந்தவர்க்குத்தான் அந்தப் பதிகம் அற்புதமாகப் படும். தெரியாதவருக்கு ஒரு மரம் காய்த்தது, அவ்வளவுதான். இதே ஆண்பனையில் ஏறி ஒருவர் நுங்கு வெட்டி இறக்கினார் என்று ஒரு சாதாரணக் குடும்பக் கதையில் போகிற போக்கில் எழுதினால், அங்கே அற்புதமும் இல்லை, கதையும் இல்லை. எழுதியவர் பனையைப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியவரும்.

காலப்பயணக் கதையை யாரும் மலைவு என்று ஒதுக்குவதில்லை. முதல் பக்கத்திலேயே அனுமதி கேட்டுவிடுகிறார்கள், நாமும் கொடுத்துவிடுகிறோம். கோலரிட்ஜ் என்ற ஆங்கிலக் கவி 1817இல் இதை, அவநம்பிக்கையை விரும்பியே ஒத்திவைப்பது என்று சொன்னார். பெரிய பொய்க்குக் கொடுத்த அனுமதி சின்னப் பிழைக்குச் செல்லாது என்பதுதான் வேடிக்கை. காலயந்திரத்தை நம்புகிற அதே ஆள், பறுவத்தன்று, அதாவது பௌர்ணமியன்று, நடுச்சாமத்தில் நிலவு கடலுக்குள்ளிருந்து எழும்பியது என்று படித்தால் புத்தகத்தை மூடுவார். பறுவநிலவு பொழுதுபடும் நேரத்திலேயே எழும்பிவிடும், நடுச்சாமத்தில் அது உச்சியில் நிற்கும்.

புழக்கத்துக்கு ஒன்றிரண்டு. விஞ்ஞானப் பிழைக்கு உலகமலைவு எனலாம். தண்டியில் காலமலைவு என்பது பொழுதையும் பருவத்தையும் பற்றியது. வரலாற்றுக் காலத்துக்கும் அதை நீட்டிக்கொள்வதில் தவறில்லை. 1940களில் நடக்கும் கதையில் நாயகன் கொழும்புக்குப் போக யாழ்தேவியில் ஏறினால் அது காலமலைவு, அந்த ரயில் ஓடத் தொடங்கியது 1956இல். ஏறியவன் கொழும்பில் இறங்காமலே அடுத்த அத்தியாயத்தில் திண்ணையில் படுத்திருந்தால் அது மாறுகொளக் கூறல். இரண்டும் ஒரே கதையில் வந்தால் தாராளமாக "லொஜிக் இல்லை" என்று சொல்லிக்கொள்ளலாம்.