ப்ராஜெக்ட்டை விலைக்கு வாங்காதீர்கள், செம்பரம்பாக்கத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

மெஷின் லேர்னிங் (டேட்டாவைக் காட்டிக் கணிக்கக் கணினியைப் பழக்குவது) ப்ராஜெக்ட்டோடு இறுதியாண்டு மாணவர்கள் வைவாவுக்கு வந்து நின்றால் என் முதல் கேள்வி இதுதான்: "உங்கள் டேட்டாவில் பத்து வரியையாவது கண்ணால் படித்துப் பார்த்தீர்களா?" பலர் பார்த்திருப்பதில்லை. பணம் கட்டினால் கோடு (கணினி நிரல்), ரிப்போர்ட், பிபிடி மூன்றையும் கையில் கொடுக்கும் ப்ராஜெக்ட் சென்டர்கள் சென்னையில் இருக்கின்றன. ஆக்யுரசி, அதாவது கணிப்பு எவ்வளவு சரியாக வருகிறது என்ற அளவு, பிரமாதமாக இருக்கும். ஆனால் வேலைக்கான இன்டர்வியூவில் "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் பிள்ளையிடம் பதில் இருக்காது. பெற்றோர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐரிஸ் பூக்களின் டேட்டா வகுப்பில் பாடம் நடத்தப் போதும். 1936-ல் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் வெளியிட்ட 150 பூக்களின் அளவுகள் அவை. ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் டேட்டாவை வைத்து ப்ராஜெக்ட் செய்தால் கை பழகாது.

நான் கொடுப்பது சென்னைக்குக் குடிநீர் தரும் நம் ஏரிகளை. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளின் நீர் இருப்பைக் குடிநீர் வாரியம் அன்றாடம் வெளியிடுகிறது. நாளை செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? 2015 வெள்ளத்தையும் 2019 வறட்சியையும் சின்ன வயதில் பார்த்த பிள்ளைகளிடம் இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை.

வழக்கப்படி டேட்டாவின் தேதி வரிசையைக் கலைத்து, 80 பங்கு பயிற்சிக்கு, 20 பங்கு சோதனைக்கு என்று பிரிப்பார்கள். மாடல், அதாவது பயிற்சி டேட்டாவில் பழகிக் கணிக்கும் நிரல், அசத்தும். அப்போது தேதிகளைப் பார்க்கச் சொல்வேன். நவம்பர் 14-ஐக் கணிக்கிறது மாடல். 13-ம் 15-ம் பயிற்சியிலேயே இருக்கின்றன. பரீட்சைக்கு முன்பே வினாத்தாள் கிடைத்த மாதிரிதான் இது. தேதிவாரியாகப் பிரித்து, பழைய ஆண்டுகளில் பயிற்சி, பிந்தைய ஆண்டுகளில் சோதனை என்று வைத்தால் அந்த அசத்தல் பெரும்பாலும் குறைந்துவிடும். அடுத்து, "நாளையும் இன்றைய அளவே இருக்கும்" என்று ஒரே வரியில் ஒரு கணிப்பு எழுதச் சொல்வேன். நியூரல் நெட்வொர்க் என்ற பெரிய, சிக்கலான மாடலும் அந்த ஒரு வரியை வெல்லத் திணறும்போதுதான் மாணவர்கள் உண்மையான கேள்விகளைக் கேட்க ஆரம்பிக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அதுதான்.

பிறகு பூண்டி வரும். துளி மழை இல்லாத நாளில் நீர் ஏறியிருக்கும். டேட்டா தப்பு என்று வரியையே அழிக்கப் போவார்கள். அழிக்க விடக் கூடாது. ஆந்திராவின் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா நீர் 1996 முதல் கால்வாய் வழியாகப் பூண்டிக்கு வருகிறது. பூண்டி நீரை மற்ற ஏரிகளுக்கும் திருப்பிவிடுகிறார்கள். மதகைத் திறக்கும் முடிவு நம் எக்செல் ஷீட்டில் எங்குமே இல்லை. இதை ரெடிமேட் கோடு எப்படிச் சொல்லித்தரும்?

ஆசிரியர்களுக்கு ஒன்று: ஆக்யுரசிக்கு மட்டும் மதிப்பெண் போடாதீர்கள். எது ஏன் சரிவரவில்லை என்று மாணவர் எழுதிவைத்த குறிப்புக்கும் தாராளமாகப் போடுங்கள். மாணவர்களே, ஏழாவது செமஸ்டர் தொடங்கும்போதே தலைப்பை முடிவு செய்யுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் மாடல் தயாராகிவிட்டால், உங்கள் கணிப்பையும் வாரியத்தின் எண்ணையும் தினமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.