உங்கள் டிரை வெயிட்டைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள்?

டயாலிசிஸ் யூனிட்டுக்குள் வந்ததும் நோயாளி முதலில் ஏறி நிற்பது எடை மெஷினில்தான். போன முறை முடித்துவிட்டுப் போகும்போது எவ்வளவு, இன்றைக்கு எவ்வளவு, டிரை வெயிட் எவ்வளவு? இந்த மூன்றையும் வைத்துத்தான் அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று முடிவு செய்கிறோம். முதல் இரண்டையும் மெஷின் காட்டிவிடும். மூன்றாவது எண் டாக்டர் உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு செய்து அட்டையில் எழுதியது. எழுதி எத்தனை மாதம் ஆகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. டயாலிசிஸ் டெக்னீஷியனாக நான் பார்க்கும் தொல்லைகளில் நிறைய, பழசாகிப்போன அந்த எண்ணால் வருபவை.

உடம்பில் கூடுதல் தண்ணீரும் தேங்கக் கூடாது, தலைசுற்றல், தசைப்பிடிப்பு, பிபி இறக்கம் என்று அவதியும் வரக் கூடாது. அப்படி இருக்கும் எடைதான் டிரை வெயிட். சிறுநீர் போகாதவருக்கு ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஏறும் எடை ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர்தான். 1 லிட்டர் தேங்கினால் 1 கிலோ ஏறும். இரண்டு நாளில் யாருக்கும் 2 கிலோ சதை போடாது. ஆனால் மாதக்கணக்கில் பார்த்தால் சதை போடும், கரையும். அட்டையில் இருக்கும் எண் மட்டும் அப்படியே நிற்கும்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர். டிரை வெயிட் 58 கிலோ. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் படுத்து, சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒவ்வொரு முறையும் மெஷினிலிருந்து இறங்கும்போது சரியாக 58. சார்ட்டைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அவர் மனைவி சொன்னதுதான் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. "தம்பி, ரெண்டு தலகாணி வச்சும் மூச்சு முட்டுதுங்கிறாரு. ராத்திரி பூரா சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்குறாரு." கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் இறுக்கமாக இருந்த வாட்ச் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. கன்னம் ஒட்டி, காறை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஆனால் கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது.

சதை 2 கிலோவுக்கு மேல் கரைந்திருந்தது. அந்த இடத்தில் தண்ணீர் நிரம்பியிருந்ததால் எடை மட்டும் மாறவில்லை. டாக்டர் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். 55.5 வந்தபோது அவர் படுத்துத் தூங்கினார். பிபி மாத்திரையையும் டாக்டர் குறைத்தார்.

காய்ச்சல், டிபி, ஆபரேஷன், கால் புண், வீட்டில் ஒரு சாவு வந்து பல நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தது என எது நடந்திருந்தாலும் டிரை வெயிட்டைத் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும். ஜாக்கெட்டோ சட்டையோ தொளதொளவென்று ஆகியிருக்கிறது, ஆனால் எடை மட்டும் அதேதான் என்றால் அதுவே போதுமான அறிகுறி. டாக்டர் வரும்வரை காத்திருக்காமல் எங்களிடம் சொல்லுங்கள்.

இதற்கு நேர் எதிராகவும் நடக்கும். டயாலிசிஸ் தொடங்கிய முதல் சில மாதங்களில் வாந்தி, குமட்டல் அடங்கிப் பசி திரும்பும். நன்றாகச் சாப்பிட்டு நல்ல சதை போடுவார்கள். அட்டையில் மட்டும் பழைய எண். நாமும் அதைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை எடுத்துக்கொண்டே இருந்தால், உடம்புக்குத் தேவையான தண்ணீரிலேயே கை வைத்துவிடுகிறோம். கடைசி ஒரு மணி நேரத்தில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும், கொட்டாவி கொட்டாவியாக வரும், குரல் கம்மும், வீட்டுக்குப் போனதும் மறுநாள் வரை எழுந்திருக்க முடியாது. பிபி அடிக்கடி இறங்கினால் ஃபிஸ்டுலாவில், அதாவது டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ஆபரேஷன் செய்து இணைத்த ரத்தக் குழாயில், ரத்தம் உறைந்து அது நின்றுபோகவும் வாய்ப்புண்டு. "டயாலிசிஸ்னா இப்படித்தான் இருக்கும்" என்று பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. டிரை வெயிட்டை அரை கிலோ ஏற்றினாலே சிலருக்கு அந்த அவதி நின்றுவிடுகிறது.

கால் வீங்கவில்லை, அதனால் தண்ணீர் இல்லை என்று கணக்குப் போடாதீர்கள். 2, 3 லிட்டர் சேர்ந்த பிறகுதான் காலில் குழி விழும். படுக்கையிலேயே இருப்பவர்களுக்குக் கால் வீங்காமல் இடுப்புக்குக் கீழே முதுகுப் பக்கம் வீங்கும், அங்கே யாரும் பார்ப்பதில்லை. மூன்று வகை மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். 2009ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மருந்தைக் கூட்டாமல் டிரை வெயிட்டை மட்டும் சுமார் 1 கிலோ குறைத்ததிலேயே 8 வாரத்தில் மேல் பிபி சராசரியாக 6, 7 புள்ளி இறங்கியது.

சரி, எண் சரியாக இருக்கிறது. அடுத்த கேள்வி வேகம்.

"தம்பி, இன்னைக்கு முழுசா எடுத்துடுங்க, ஞாயித்துக்கிழமை விசேஷம்." இதை வாரந்தோறும் கேட்கிறேன். உடம்பில் தேங்கிய தண்ணீர் ரத்தத்தில் மட்டும் இல்லை. பெரும்பகுதி சதையிடுக்கில் கிடக்கிறது. மெஷின் எடுப்பதோ ரத்தத்திலிருந்து மட்டும். எடுக்க எடுக்க, சதையிலிருந்து தண்ணீர் மெதுவாக ரத்தத்துக்குள் வந்து சேர வேண்டும். கிணற்றில் ஊற்று ஊறும் வேகத்தைவிட மோட்டார் வேகமாக இழுத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகிறது. பிபி தடாலென்று இறங்கும். இதயத் தசைக்கு அந்த நேரம் ரத்தம் போதாது. இது மறுபடி மறுபடி நடந்தால் இதயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனமாகும், வெளியில் ஒன்றும் தெரியாது.

ஒரு மணி நேரத்துக்கு, உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் 13 மி.லி.க்கு மேல் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும் என்பது பல இடங்களில் பின்பற்றும் அளவு. 10க்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு கணக்குப் பார்ப்போம். டிரை வெயிட் 60, இன்றைக்கு வந்திருப்பது 62.8. எடுக்க வேண்டியது 2.8 லிட்டர். கடைசியில் ரத்தத்தை உடம்புக்குள் திருப்பி அனுப்ப ஓடும் சலைன் (உப்புக் கரைசல்) 300 மி.லி., நடுவில் குடிக்கும் காபியும் தண்ணீரும் 200 மி.லி. ஆக 3.3 லிட்டர். 4 மணி நேரத்தில் எடுத்தால் மணிக்கு 825 மி.லி. 60 கிலோ உடம்புக்கு 13ன்படி வரும் எல்லை 780. பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் 2.8 கிலோவே எல்லையைத் தாண்டிவிட்டது.

இங்கே நேரம்தான் கைகொடுக்கும். கூடுதலாகக் கால் மணி நேரம் படுத்தால் இதே 3.3 லிட்டர் எல்லைக்குள் வந்துவிடும். ஆனால் நடப்பது என்ன? பஸ் போய்விடும், அடுத்த ஷிப்ட் காத்திருக்கிறது, கால் வலிக்கிறது என்று 4 மணி நேரத்தை மூன்றரையாக்குகிறார்கள். தண்ணீரும் நிறைய, நேரமும் குறைவு என்பது இரட்டை ஆபத்து. எடை அதிகமாக ஏறிய நாளில் நேரத்தைக் கூட்ட முடியுமா என்று நீங்களே கேளுங்கள். இடமில்லை என்றால், அன்றைக்குக் கொஞ்சம் விட்டுவைத்து, மிச்சத்தை எடுக்க மறுநாளோ அதற்கடுத்த நாளோ கூடுதலாக ஒரு டயாலிசிஸ் வைக்கலாமா என்று டாக்டர் முடிவு செய்வார்.

எடை ஏறாமல் இருக்க எல்லாரும் "தண்ணீரைக் குறை" என்கிறார்கள். நான் உப்பிலிருந்துதான் தொடங்குவேன். நாக்கை அடக்காமல் தாகத்தை அடக்க முடியாது. சிறுநீர் போகாத உடம்பில் 8 கிராம் உப்பு சேர்ந்தால் அது கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீரைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், மிக்சர், கடைப் பரோட்டாவோடு வரும் சால்னா எல்லாம் இதற்குள் அடங்காது. இந்துப்பு நல்லது என்று வாங்குகிறார்கள். அதுவும் சோடியம்தான், ஒரு வித்தியாசமும் இல்லை. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பு இன்னும் ஆபத்து. அதில் பொட்டாசியம் கலந்திருக்கும், டயாலிசிஸ் நோயாளிக்கு அது இதயத்தையே நிறுத்திவிடலாம்.

தண்ணீர் அளவு, வெளியேறும் சிறுநீரோடு அரை லிட்டர் சேர்த்து என்பது பொதுக் கணக்கு. ரசம், மோர், கஞ்சி, காபி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் இதில் சேரும். காலையிலேயே ஒரு பாட்டிலில் அன்றைய அளவை ஊற்றி வைத்துக்கொண்டு, எது குடித்தாலும் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுபவர்கள் நன்றாகச் சமாளிக்கிறார்கள். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறியிருந்தாலும் தாகம் தாங்காது. அவர்கள் அதையும் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. வேகமாக எடுத்ததால் பிடிப்பு வருகிறது, நாங்கள் சலைன் ஏற்றுகிறோம். 100 மி.லி. சலைனில் கிட்டத்தட்ட 1 கிராம் உப்பு. வீட்டுக்குப் போனால் தாகம். குடிப்பார்கள், எடை ஏறும், அடுத்த முறையும் வேகமாக எடுக்க வேண்டி வரும். பிடிப்புக்கு மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவது இன்னொரு கொடுமை. கொஞ்சநஞ்சம் வரும் சிறுநீரையும் அது நிறுத்திவிடலாம். நாளைக்கு அரை லிட்டர் சிறுநீர் போகிறவருக்கு அந்த அரை லிட்டர் பெரிய சொத்து. எவ்வளவு போகிறது என்று மாதம் ஒருமுறை 24 மணி நேரம் பிடித்து அளந்து சொல்லுங்கள். குறைந்தால் உங்கள் தண்ணீர்க் கணக்கே மாறும்.

எடை பார்ப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு நாள் லுங்கி, ஒரு நாள் பேண்ட், பெல்ட், செல்போன் என்று ஏறி நின்றால் அரை கிலோ, முக்கால் கிலோ பிசகும். அந்தப் பிசகு அப்படியே உங்கள் ரத்தத்திலிருந்து போகும். வீட்டிலும் ஒரு எடை மெஷின் வாங்கி, காலையில் வெறும் வயிற்றில் பாருங்கள். டயாலிசிஸ் அன்று காலை பிபி மாத்திரை போடுவதா வேண்டாமா என்பதை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் வாரம் 2 முறை செய்பவர்கள் நிறைய. அப்படியென்றால் ஒரு இடைவெளி கட்டாயம் நீளமாக இருக்கும். வாரம் 3 முறை செய்பவர்களுக்கே நீண்ட இடைவெளி முடியும் நாளில்தான் இறப்பும் இதயக் கோளாறும் அதிகம் என்று 2011ல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. அந்த நாட்களில் படுத்தால் மூச்சு முட்டுகிறது, இருமல் விடவில்லை, நாலு எட்டு நடந்தால் இளைக்கிறது என்றால் விடியட்டும், முறை வரட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரியானாலும் டயாலிசிஸ் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கையில் அட்டை இருக்கட்டும். அதில் டிரை வெயிட்டும், அதைக் கடைசியாக மாற்றிய தேதியும் எழுதியிருந்தால் அங்கே இருப்பவர்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி.