தேளின் வயிற்றில் ஒரு புத்தகம்

"தேள் முதலில் தண்ணீரில்தான் வாழ்ந்ததா? கல்லாகிப்போன தேளைப் பார்த்து அதை எப்படிச் சொல்கிறார்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார்.

கடலடிப் பாறையில் கிடைத்தது என்பதற்காக அதைக் கடல் தேள் என்று சொல்லிவிட முடியாது. கரையில் செத்ததை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கலாம். அது எதனால் மூச்சுவிட்டது என்று பார்க்க வேண்டும்.

இன்றைய தேளின் அடிவயிற்றில் நான்கு ஜோடித் துளைகள் உண்டு. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு புத்தக நுரையீரல். மெல்லிய தகடுகள் தாள்களைப் போல அடுக்கியிருக்கும். தாளுக்குள் இரத்தம், தாள்களுக்கு இடையே காற்று.

ஒரு பழைய நோட்டை வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். தாள்கள் தனித்தனியாக அலையும். வெளியே எடுத்த உடனே எல்லாம் ஒட்டிக்கொள்ளும். பரப்பு இழுவிசை செய்கிற வேலை அது. கரையில் போட்ட மீனின் செவுளும் இப்படித்தான் ஒட்டிப்போகிறது. சரி, தேளின் தாள்கள் மட்டும் ஏன் ஒட்டுவதில்லை? தாளின் மேல் கண்ணுக்குத் தெரியாத குட்டித் தூண்கள் நிற்கின்றன. அவைதான் பக்கத்துத் தாளைத் தள்ளி நிறுத்திக் காற்றுக்கு வழிவிடுகின்றன. நீரிலேயே வாழும் உயிருக்கு இந்தத் தூண் தேவையில்லை. ஆகவே கல்லில் தூண் தெரிந்தால் அந்த உயிர் காற்றைச் சுவாசித்தது. இவ்வளவு சின்ன உறுப்பு இவ்வளவு தெளிவாகப் பேசுவதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில், சிலந்திக்கும் தேளுக்கும் உறவான, சுமார் 41 கோடி ஆண்டுப் பழைய உயிர்களில் இந்தத் தூண்களையே பார்த்துவிட்டார்கள். வெந்நீர் ஊற்றின் சிலிக்கா உள்ளே ஊறி இறுகியதால் தாள்கள் அப்படியே நின்றுவிட்டன. அதே நாட்டின் ஈஸ்ட் கிர்க்டன் குவாரியில் கிடைத்த, சுமார் 33 கோடி ஆண்டுப் பழைய தேளில் புத்தக நுரையீரல் எஞ்சியிருப்பதை ஆய்வாளர் ஆண்ட்ரூ ஜெரம் 1990-இல் எழுதினார். அந்தக் குவாரியின் புல்மோனோஸ்கார்பியஸ் என்ற தேள் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர் நீளம். பெயரிலேயே நுரையீரல் இருக்கிறது; லத்தீனில் 'புல்மோ' என்றால் நுரையீரல்.

தேள் நுரையீரலால் யாருக்கு லாபம் என்று கேட்டு இத்தகைய ஆய்வுக்குப் பணம் மறுப்பது எனக்குச் சம்மதமில்லை. உயிர்கள் கரையேறிய கதைக்கு இதைவிட நெருக்கமான சாட்சி அபூர்வம்.

அந்தக் கதையும் ஒரே திசையில் போகவில்லை. ஜெர்மனியின் ஆல்கென் பகுதியில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழைய வேரிங்கோஸ்கார்பியோ என்ற தேளின் வயிற்றுப் பக்கம் செவுள் போன்ற இழைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. கரையேறிய தேள்களில் ஒரு கூட்டம் மறுபடி நீருக்கே திரும்பியிருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.