விரல் நீளும் திசையில் ஒரு சொல்

மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடியில் எங்கள் உறவுக்காரர் வீட்டுப் பின்வாசல். அம்மம்மா குந்தியிருந்து இறால் உரிக்கிறார். பக்கத்தில் பாயில் பதினொரு மாதப் பேரன். வேலியில் ஒரு காகம் வந்து இருக்கிறது. பிள்ளை விரலை நீட்டி "க்கா" என்கிறான். அம்மம்மா கைவேலையை நிறுத்தி அந்த விரல் போன திசையைப் பார்க்கிறார்.

"ஆ... காகமா மனே? காகம் வந்திருக்கா?"

"க்கா, க்கா."

"இறால் கேக்குதாம். குடுப்பமா?"

கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருக்கிறார். பிள்ளை காகத்தைப் பார்க்கிறான், அம்மம்மாவின் முகத்தைப் பார்க்கிறான், பிறகு சட்டிக்குக் கையை நீட்டி "தா" என்கிறான்.

எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. ஆனால் பிள்ளையின் மூளைக்கு மொழி ஏறுவது இப்படிப்பட்ட அரை நிமிடங்களில்தான். கண்ணும் விரலும் காகத்தில் இருக்கும் அதே நேரத்தில் "காகம்" என்ற ஒலி காதில் விழுகிறது. காண்பதைக் கையாளும் நரம்புக் கலங்களும் கேட்பதைக் கையாளும் கலங்களும் ஒருமித்து இயங்குகின்றன. அடிக்கடி ஒருமித்து இயங்கும் கலங்களுக்கிடையே இணைப்பு உறுதியாகும். பாவிக்கப்படாத இணைப்புகள் நாளடைவில் கழிந்துபோகும். பிள்ளை எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது "காகம் சொல்லு, காகம் சொல்லு" என்று பத்துத் தரம் சொல்வதைவிட, அவன் பார்க்கும் பொருளின் பெயரை அந்தக் கணத்தில் ஒரு தரம் சொல்வது கூடப் பலன் தரும்.

"பேச்சு விளங்காத பிள்ளையோட என்னத்தப் பேசுறது?" என்று இளம் தாய்மார் கேட்பதுண்டு. விளங்குவதற்கு முந்திய வேலை எவ்வளவோ இருக்கிறது. வயிற்றில் இருக்கும்போதே, கடைசி மூன்று மாதங்களில், பிள்ளை தாயின் குரலைக் கேட்கிறது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்பிக் கேட்பதை 1980இல் ஓர் ஆய்வு காட்டியது.

அடுத்தது ஒலிகளைப் பிரித்தறிவது. "பத்து", "பட்டு" இரண்டையும் சொல்லிப் பாருங்கள். நமக்கு அவை வேறு வேறு. ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஜெனட் வேர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984இல் இதைக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஹிந்தியிலும் இந்த வேறுபாடு உண்டு; அந்த ஹிந்தி ஒலிகளைத்தான் கேட்கவைத்தார்கள். ஒலி மாறும்போது தலையைத் திருப்பினால் ஒரு பொம்மை ஆடும், இதுதான் சோதனை. ஆங்கில வீடுகளில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானோர் வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்கள். பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. எந்த மொழிக்கும் திறந்திருந்த காது, ஒரு வயதுக்குள் தன்னைச் சுற்றிக் கேட்கும் மொழிக்கு இசைந்துவிடுகிறது. முதற்சொல் வாயில் வருமுன்பே இவ்வளவும் நடந்து முடிகிறது.

அதற்குள் சொற்களைப் பிரித்தெடுக்கவும் வேண்டும். நாம் பேசும்போது சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுவதில்லை. "அம்மாவாறா", "அம்மாட்டப்போ", "அம்மாக்குக்குடு" என்று ஒரே ஓட்டமாகத்தான் பிள்ளைக்குக் கேட்கும். ஆனால் "அம்" வந்தால் பெரும்பாலும் "மா" வருகிறது. "மா"வுக்குப் பிறகு எதுவும் வரலாம். ஆகவே "அம்மா" ஒரு துண்டு. இந்தக் கணக்கை எட்டு மாதக் குழந்தைகள் இரண்டே நிமிடம் கேட்டுப் போட்டுவிடுகிறார்கள் என்பதை 1996இல் ஜெனி சஃப்ரனும் கூட்டாளிகளும் கண்டார்கள். கணக்குப் போட ஒலி வேண்டும். அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அப்படியென்றால் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டால் போதாதா? இந்தக் கேள்விக்கான பதிலைத்தான் ஒவ்வொரு பெற்றாருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். பற்றீசியா குல் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார். பன்னிரண்டு அமர்வுகள். ஒரு குழுவுக்குச் சீன மொழி பேசுபவர் நேரில் இருந்து கதை வாசித்தார், விளையாடினார். இன்னொரு குழு அதே ஆட்களை, அதே பேச்சைத் திரையில் பார்த்தது. நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைத் தாய்வானில் வளரும் குழந்தைகளுக்கு நிகராகப் பிரித்தறிந்தார்கள். திரையில் பார்த்தவர்கள் எதுவும் கற்கவில்லை. 2003இல் வெளிவந்த முடிவு இது. சோற்றை ஊட்டுவதற்காகத் தண்ணீர்ச் செம்பில் கைத்தொலைபேசியைச் சாய்த்து வைக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். வாய் திறக்கிறது, சோறு இறங்குகிறது, ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை.

திரையில் இல்லாதது பதில். பிள்ளை "க்கா" என்றால் யூடியூப் திரும்பிப் பார்க்காது. நம் ஊர் வசந்தன் ஆட்டத்தில் ஒருவர் கோலை நீட்ட எதிரில் இருப்பவரின் கோல் வந்து தட்ட வேண்டும்; அப்போதுதான் ஓசை. பிள்ளையின் பேச்சும் அப்படித்தான் எழும்புகிறது. ரேச்சல் ரோமியோவும் கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகள் 36 பேரின் வீட்டுப் பேச்சைப் பதிவுசெய்து, பின்னர் அவர்கள் கதை கேட்கும்போது மூளையைப் படம்பிடித்தார்கள். மொழிக்குரிய பகுதி கூடுதலாக இயங்கியது அதிகச் சொற்களைக் கேட்டவர்களிடம் அல்ல, பெரியவர்களோடு மாறி மாறி அதிகம் பேசியவர்களிடம். வீட்டின் வருமானத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நீடித்தது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை மனைவி வீட்டுக்கு வருவார்; காத்தான்குடி, அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களிலும் இதே வழக்கம். அதனால் பிள்ளையைச் சுற்றி அம்மம்மா, பெரியம்மா, சித்தி என்று ஆட்கள் நிறையப் பேர். இது பெரிய கொடை. ஆனால் ஆட்கள் ஒருவரோடொருவர் பேசுவது பிள்ளையின் தலைக்கு மேலால் போய்விடலாம். 2013இல் வந்த ஓர் ஆய்வில், ஒன்றரை வயதைத் தாண்டிய பிள்ளைகளின் சொல்வளத்தைக் கூட்டியது அவர்களைப் பார்த்துப் பேசிய பேச்சு. பக்கத்தில் கேட்ட பேச்சு அல்ல.

ஆகவே பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றிப் பேசுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள், மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள், பதில் தேடச் சின்ன மூளைக்கு நேரம் வேண்டும். உங்களுக்கு உயிரோட்டமாக வரும் மொழியிலேயே பேசுங்கள். முன்பள்ளிக்கு உதவும் என்று அரைகுறை ஆங்கிலத்தில் "கம், சிட், ஈட்" என்று மட்டும் சொல்லும் வீடுகளில் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சு மிகவும் வறண்டுபோகிறது. இறாலின் மீசை, வாவியின் உப்பு மணம், மழைக்கு முந்திய காற்று இவற்றையெல்லாம் எங்கள் தமிழில் எவ்வளவு சொல்லலாம்!

பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையை, அல்லது ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் சொல்லாத பிள்ளையைக் கிளினிக்கில் காட்டுங்கள். "தகப்பனும் பிந்தித்தான் பேசினவர்" என்று தள்ளிப்போட வேண்டாம். காது கேட்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்தப் பேரனின் தாய் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். திரை என்பதால் வீடியோ அழைப்பும் வீண் என்று நினைத்தாளாம். அப்படியல்ல. இரண்டு வயதைக் கடந்த பிள்ளைகள் நேரடி வீடியோ அழைப்பில் புதுச் சொற்களைக் கற்றதையும், பதிவுசெய்த காணொளியில் கற்காததையும் 2014இல் ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அழைப்பில் மறுபக்கம் பதில் சொல்கிறதே. இவனுக்கு இன்னும் அந்த வயது வரவில்லை. ஆனாலும் அம்மம்மா தொலைபேசியைப் பிடித்து, தாய் சொல்வதையெல்லாம் அவனுக்குக் காட்டிக் காட்டிப் பேசுகிறார்.

வெள்ளிக்கிழமை அவள் எடுத்தபோது பிள்ளையின் கையில் ஓர் இறால் ஓடு.

"என்ன மனே அது? அம்மாக்குக் காட்டுங்க."

அவள் காத்திருந்தாள். அவன் ஓட்டைத் திரையில் ஒட்டவைத்து, "தா" என்றான்.